அந்தத் தேனீ மட்டும் இல்லேன்னா…

நேத்து ராத்திரி மறுபடியும் பார்த்தேன். 1998-ல் வந்த எக்ஸ்-ஃபைல்ஸ் படம், அதே பேர்ல ஓடின அமெரிக்க டிவி தொடரோட சினிமா.

மோல்டர் வீட்டு வாசல் நடைவழி. அவனும், அவன்கூட வேலை பார்க்கிற எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) அதிகாரி ஸ்கல்லியும் முகத்துக்கு முகம். முத்தத்துக்கு இன்னும் ஒரு விரற்கடைதான்.

அவ சட்டைக் காலருக்குள்ள ஒளிஞ்சிருந்த தேனீ கொட்டிடுச்சு!

நாசமாப் போக.

டிவி தொடர் 1993-லயே தொடங்கினது. வேற்றுக்கிரகவாசி, உருமாறும் கொலைகாரன், அரசாங்கச் சதின்னு கதை எங்கெங்கோ ஓடும். அவன் எதையும் நம்புவான், அவ ஆதாரம் கேப்பா. கூப்பிட்டுக்கிறதும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான்.

நிஜ முத்தத்துக்கு 1999 நவம்பர் வரை காத்திருக்கணும்!

இப்பல்லாம் மூணாவது எபிசோடுலயே காதல் முத்திடுது. எனக்குப் பறக்கும்தட்டை விட இந்தத் தயக்கம்தான் பிடிச்சிருக்கு.

இன்னைக்கு ஏழாவது சீசன். யாரும் போன் பண்ணாதீங்க.