அங்கன்வாடிக்கு டிவி வந்தாச்சு, கரண்ட்?

நாடாளுமன்றத்தில் அங்கன்வாடி பற்றிக் கேள்வி போடும் எம்.பி.க்களின் உதவியாளர்கள் கவனத்துக்கு.

"எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மாநிலவாரி அட்டவணை ஒன்றை அவையில் வைத்துவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். 2 லட்சம் மையங்களை சக்ஷம் அங்கன்வாடியாக, அதாவது வசதிகள் கூட்டிய மையங்களாக மாற்றுவது மத்திய அரசின் திட்டம், எல்.இ.டி. திரை, குடிநீர் சுத்திகரிப்பான் எல்லாம் அதில் அடக்கம். திரை போன மையங்களில் மின் இணைப்பு எத்தனைக்கு, பில்லை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

கரண்ட் ஒன்றும் பெரிய செலவில்லை. திரை 70 வாட், இரண்டு ஃபேன் 150, விளக்கும் ஃபில்டரும் 70. நாலு மணி நேரம் ஓடினாலும் நாளைக்கு 1.2 யூனிட்டுக்குள்தான். மாசம் 30 யூனிட்.

சோலார் போட்டோம் என்று பதில் வந்தால் விடாதீர்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் அது கூரைக்கு அலங்காரம். பேட்டரி உள்ளதென்றால், லெட்-ஆசிட் நாலைந்து வருஷத்தில் படுத்துவிடும். மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?

அடுத்து அங்கன்வாடி ஊழியரின் போன். 2021-ல் வந்த போஷன் டிராக்கர் என்ற பதிவு ஆப்பில், பயனாளியை அடையாளம் காண இப்போது முகப்பதிவும் சேர்ந்துவிட்டது. பழைய போன் திணறினால் சத்துமாவு வாங்க வந்த தாய்தான் காத்து நிற்கிறார். எந்த வருஷம் வாங்கிய போன், எத்தனை பழுது என்று தனியாகக் கேளுங்கள்.

அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வியாகவே கொடுங்கள், துணைக்கேள்வி கேட்கலாம். ஒரு நாளைக்கு மக்களவையில் 20, மாநிலங்களவையில் 15 தான், குலுக்கல் வேறு. 15 முழு நாள் முன்பே நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.