காயிலை மாற்றினார்கள், காரணத்தைத் தேடவில்லை

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் நான்கு புதிய இக்னிஷன் காயில்கள், நான்கு புதிய ஸ்பார்க் பிளக்குகள், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்த கூலி. இத்தனைக்கும் பணம் கட்டிய பிறகும் என் காரின் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. "எஞ்சினைத் திறந்துதான் பார்க்க வேண்டும், மேடம். சிஓஇ முடிய ஒரு வருடம்தானே இருக்கிறது, பேசாமல் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்றார் பணிமனை முகப்பில் இருந்தவர். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ. கோளாறு கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் கேஸ்கெட்டிலும் விரல் நீள வால்வு ஒன்றிலும் இருந்தது. வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. என் கோபம் இன்னும் தணியவில்லை. அதே நிலையில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் அத்தைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியோடு அவரை அழைத்துப் போகத்தான் எங்கள் வீட்டில் கார். சிகிச்சை முடிந்து சோர்ந்து கிடப்பவரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து ஓட்ட முடியாது.

புக்கிட் பாத்தோக்கில் மேட்டுக்குக் குறைவில்லை. மேடேறும்போது குலுங்கும். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் குலுங்கும். தீவு விரைவுச்சாலையில் சேர வேகமெடுக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் ஒன்றுமே தெரியாது. இந்த வேறுபாட்டில்தான் விடை இருந்தது. முதலில் பார்த்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

விரைவுச்சாலையில் ஒரு நாள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும் என்று பொருள். மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். அதன் விலைக்கு முன் காயில் விலையெல்லாம் ஒன்றுமில்லை. நான் சாலையோரத்தில் நிறுத்தினேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் வந்து, கட்டணம் வாங்காமல் அருகிலிருந்த கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது. விரைவுச்சாலையில் வண்டி நின்றால் இந்தச் சேவை உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. தனியார் இழுவை வண்டிக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் பணிமனை எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. ஸ்கேனரைச் செருகினார்கள், பி0302 என்று வந்தது. கடைசி இலக்கம் சிலிண்டரைச் சொல்கிறது: இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பி0300 என்று வந்திருந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி நடக்கிறது என்று பொருள். அடுத்த நிமிடமே அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள். "கிளியர் செய்துவிட்டோம், மேடம்" என்று ஏதோ உதவி செய்தது போலச் சொன்னார்கள்.

என்னை இன்னும் எரிக்கிறது அதுதான். கோளாறு பதிவாகும் அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி சேர்த்துச் சேமித்து வைக்கிறது. ஃபிரீஸ் ஃபிரேம் என்பார்கள். சுழற்சி வேகம், குளிர்நீரின் வெப்பம், எஞ்சினின் சுமை, வண்டியின் வேகம் எல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். எனவே யாரிடம் வண்டியைக் கொடுத்தாலும் முதலில் சொல்லுங்கள்: "படம் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை அழிக்காதீர்கள்." திரையைக் காட்ட மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

பிறகு வந்தது, கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூரை வைத்து ஒரு குற்றச்சாட்டு. "அங்கே பெட்ரோல் போட்டிருப்பீர்கள்" என்றார் முகப்பில் இருந்தவர். நான் போடவில்லை. கடற்பாலத்தைத் தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதியை நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், பெட்ரோல் கெட்டதாக இருந்தால் நான்கு சிலிண்டர்களும் அதே பெட்ரோலைத்தானே குடிக்கின்றன? இரண்டாம் சிலிண்டர் மட்டும் ஏன் திணற வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் கேட்டது: "உங்கள் கணவரிடம் பேசட்டுமா?" என் கணவர் கார் ஓட்டுவதே இல்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது, பணம் கட்டுவதும் நான்தான். அதைச் சொன்ன பிறகும் ரசீதை விளக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு காயில், நான்கு பிளக், எல்லாம் புதிது. சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு அதே மேடு, அதே குலுக்கல். திரும்பக் கொண்டுபோனபோது முற்றத்தில் நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டார்கள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். மேட்டில் ஏற்றிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறை. ஏற்றவில்லை. புதிய காயில் கெடாது என்று முடிவு கட்டி இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். அதுவும் பயன்படவில்லை என்றதும் எஞ்சினைத் திறக்கும் பேச்சு. கம்பிரஷன் சோதனை செய்தீர்களா என்று கேட்டேன். அது தேவையில்லையாம்! சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கிறதா என்று அளக்காமலேயே எஞ்சினைத் திறக்கச் சொல்பவரை நம்பி எப்படிச் சாவியைக் கொடுப்பது?

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க இருக்கும் ஓபிடி துளையில் செருகும் புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். இரண்டு பேர் வெளியே சாப்பிடும் செலவுதான் ஆனது. கைப்பேசிச் செயலியில் எல்லாம் தெரிகிறது. எந்தச் சிலிண்டரில் எத்தனை மிஸ்ஃபயர் என்ற எண்ணிக்கைகூடப் பல வண்டிகளில் வரும்; செயலியில் மோட் 6 என்ற பகுதியில் தேடுங்கள்.

பி0302 மறுபடி வந்ததும் ஃபிரீஸ் ஃபிரேமைப் படம் எடுத்தேன். குளிர்நீர் 90 டிகிரியை ஒட்டி இருந்தது, அதாவது எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு. சுழற்சி நிமிடத்துக்கு 2,000க்குச் சற்றுக் கீழே. சுமை 80 விழுக்காட்டுக்கு மேல். மேடேறும்போதுதான் நடக்கிறது என்று நான் வாயால் சொன்னதை வண்டியே எண்களில் சொல்லிவிட்டது. எரிபொருள் திருத்தத்தையும், அதாவது கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டிக் குறைக்கிறது என்பதையும் பார்த்தேன். எங்காவது திருட்டுத்தனமாகக் காற்று உள்ளே புகுந்தால், எஞ்சின் சும்மா ஓடும்போது அந்த எண் 20 வரைகூட ஏறி, வேகம் கூட்டினால் இறங்கும். நடுக்கமும் நிற்கும்போதுதான் அதிகம் தெரியும். என்னுடையது எந்த வேகத்திலும் 5க்குள்தான் இருந்தது. ஆகவே காற்றுக் கசிவு இல்லை.

உடன் வேலை செய்யும் ஒருவர் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பட்டறையைச் சொன்னார். அங்கே வேலை செய்யும் தம்பி விடியலுக்கு முன்பே ஜோகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருபவர். அவர் கேட்ட முதல் கேள்வியே "எப்போது குலுங்குகிறது, அக்கா?" என்பதுதான். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சுமையில் மட்டும்தான். அப்படியென்றால் முதலில் தீப்பொறியைத்தான் சந்தேகப்பட வேண்டும்" என்றார்.

காரணத்தையும் சொன்னார். மேடேறும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். காயிலின் ரப்பர் உறை எங்காவது பலவீனமாக இருந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாகப் பக்கத்து உலோகச் சுவருக்குத் தாவிவிடும். சும்மா ஓடும்போது அவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படாததால் தப்பித்துவிடும். முற்றத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான்.

இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் பொருத்தினார், மூன்றாவதன் காயிலை இரண்டில். சில நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை. இருவரும் வண்டியை ஓட்டிப்போய் பக்கத்துக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் மேல்தளம் வரை ஏற்றினோம். பி0303! கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. மாறாமல் இரண்டிலேயே நின்றிருந்தால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பார், அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டரும் கம்பிரஷனும். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போகும் வரிசை இது. முதல் பணிமனை இதைத் தலைகீழாகச் செய்தது.

காயில்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் இங்கே நிறுத்திவிட்டு இன்னொரு காயிலை விற்பார்கள். இடம் மாற்றிப் பார்ப்பது எந்தப் பாகம் கெட்டது என்று மட்டும்தான் சொல்லும், அது ஏன் கெட்டது என்று சொல்லாது. "புதிய காயில் இவ்வளவு சீக்கிரம் போகக் கூடாது, அக்கா" என்று அந்தத் தம்பி டார்ச் விளக்கை எடுத்து, இரண்டாம் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் அடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அடியில் எஞ்சின் எண்ணெய் பளபளத்தது. காயிலின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. தீப்பொறி தாவிய தடம்.

எண்ணெய் வந்த வழி, எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டும், பிளக் குழியைச் சுற்றியிருக்கும் வளைய சீல்களும். ஒன்பது வருடச் சூட்டில் ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. அதையும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை அவர். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அடைத்துக் கிடந்தது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயை சீல்களின் வழியே வெளியே தள்ளும். புதிய கேஸ்கெட்டும் நாளடைவில் கசியத் தொடங்கும். எல்லாவற்றிலும் விலை குறைந்த பாகம் அதுதான்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியிலிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அப்படியே கழற்றியிருந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் கொட்டியிருக்கும். இதைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது: முதல் பணிமனையில் பழைய பிளக்கைக் கழற்றியவரின் கண்ணிலும் இந்த எண்ணெய் பட்டிருக்க வேண்டும். காயிலை உருவினாலே கையெல்லாம் ஒட்டும். பார்த்தும் சொல்லவில்லை. எண்ணெய்க் குழிக்குள் புதிய காயிலைச் சொருகிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

பிளக்குகள் வெளியே இருந்ததால் கம்பிரஷனையும் அளந்தார். நான்கிலும் அழுத்தம் 180 பிஎஸ்ஐயை ஒட்டியே வந்தது. சிலிண்டர்களுக்கு இடையே 10, 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம். திறக்கச் சொன்ன எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அளவுமானியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கழற்றிய காயிலைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். பழைய பாகத்தை எப்போதும் கேட்டு வாங்குங்கள். ரசீதில் குறியீட்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். "எஞ்சின் பழுது" என்று மொட்டையாக எழுதிய ரசீது பிறகு எதற்கும் உதவாது.

ஒன்பதாம் ஆண்டு வாகனச் சோதனையில் புகை அளவு உட்பட எல்லாம் ஒரே தடவையில் தேறியது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சேதம் என்றால் வரும் பி0420 இதுவரை வரவில்லை. விளக்கு மின்னியபோதே நிறுத்தியதன் பலன்.

முதல் பணிமனைக்குப் படங்களோடு போனேன். முகப்பில் இருந்தவர் இந்த முறை கணவரைக் கேட்கவில்லை. இன்ஜெக்டர் வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காயில் பணத்துக்கு, எண்ணெயில் ஊறியதற்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார்கள். ஊறும் என்று தெரிந்தே பொருத்தியது அவர்கள்தான். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை. இந்த மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் மனுவைத் தாக்கல் செய்வேன். உப்பிய காயில், படங்கள், ரசீதுகள் எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்கின்றன.