தாய் நிற்கும் தூரம்

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வேலூரைச் சுற்றிப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமரா சும்மா கிடக்க வேண்டாமே என்று ஆட்டுக்குட்டியையும் கன்றுக்குட்டியையும் எடுக்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் மெல்ல ஏரிக்கரைக்கும் காட்டோரத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. மண்டபத்தில் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்று சொல்லிப் பழகியவன், எதைச் சொன்னாலும் கேட்காத குட்டிகளின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் முதல் இரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலும் வீணாக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் பாடத்தைக் கணியம்பாடிப் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் ஊரில், அடுத்த வீட்டு ஆயாவிடம் கற்றேன். அவருடைய வெள்ளாடு தலையீத்தில் இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. அதில் ஒன்று நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளையைத் தவிர உடம்பு முழுவதும் கறுப்பு. கொட்டகைக்குள் இருட்டாக இருந்ததால், குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில், நல்ல வெளிச்சத்தில் நிறுத்தினேன். குட்டி நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தது. நாற்பது படம் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் அதே திறந்த வாய். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மாப்ள, பொறந்து ரெண்டு நாளு கூட ஆவல, அத்த தூக்கிக்கினு போயி வெயில்ல நிறுத்திக்கினு கீறீங்க. அது அம்மா கத்தறது காதுல விழல?"

விழவில்லை என்பதுதான் உண்மை. நான் குட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கொட்டகை வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அரை மணி நேரம் போனதும் தாய் ஆடு என்னை மறந்து அசைபோடத் தொடங்கியது. அசைபோடும் ஆடு பயத்தில் இருக்கும் ஆடு அல்ல என்பது ஆடு வளர்ப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய செய்தி அல்ல. எனக்குத்தான் அது புதிது. அதற்குப் பிறகு குட்டி தானாக எழுந்து, முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு, மடியைத் தலையால் இரண்டு முட்டு முட்டிப் பால் குடித்தது. பால் இறங்கியதும் அந்தச் சின்ன வால் துடித்த துடிப்பை 1/250 நொடியில் எடுத்தால் வால் ஒரு புகைக்கீற்று போலவும் உடம்பு கூர்மையாகவும் விழுகிறது. நாலைந்து நாள் கழித்துத் திண்ணையிலிருந்து நான்கு கால்களும் ஒருசேர அந்தரத்தில் எழும்பக் குதிக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைந்தால் படம் கலங்கிப்போகும்.

கறுப்புக் குட்டியை எடுப்பதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. சட்டம் முழுவதும் கறுப்பு நிரம்பியிருந்தால், கேமராவின் ஒளிமானி அதை வெளிச்சக் குறைவு என்று எண்ணிக்கொண்டு ஒளியைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகிவிடும், நெற்றிப் பொட்டு வெளுத்துப்போகும். அதனால் ஒரு படி குறைத்தே எடுக்க வேண்டும். வெள்ளைக் கன்றுக்கு இதற்கு நேர் எதிர். கருங்கண் கரும்முடியோடு கலந்துவிடுவதால், கண்ணில் வானத்தின் ஒரு துளி வெளிச்சமாவது பிரதிபலிக்கும்படி, குட்டி கொட்டகையின் திறந்த பக்கத்தைப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்திருப்பேன். கடைசி வரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம் பிடித்த மா. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்த பிறகுதான், நிறத்தைவிட இந்த ஒளி வேறுபாடே விலங்குக்கு உருவம் கொடுக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது.

நாய்க்குட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். மூன்றாவது வாரத்தில் தள்ளாடி நடக்கும். அதற்குப் பிறகு எடுப்பதே நல்லது. தெரு நாய் வாலை அடக்கிக்கொண்டு உங்களுக்கும் குட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றால், அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டில் தாய் கத்தினால் ஆயா காதில் விழும். வெளியில் அதைக் கேட்பதற்கு நம் காது ஒன்றுதான் இருக்கிறது என்பதை ஒரு சித்திரை மாதத்தில் ஏரியில் தெரிந்துகொண்டேன். எந்த ஏரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து பைக் அங்கே நிற்கும். தண்ணீர் வற்றி, மதகுப் பக்கம் மட்டும் ஒரு குட்டை மிஞ்சியிருந்தது. வெடித்த தரையில் சின்னக் கற்களையும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையையும் ஓரமாக வைத்து, அதற்கு நடுவில் நான்கு முட்டை இட்டிருந்தது ஆக்காட்டி. கூரிய முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்திருக்க, மண்ணின் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். ஓரடி தள்ளி மிதித்திருந்தால்தான் தெரிந்திருக்கும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர், ஊர் வாயில் ஆக்காட்டி. அன்று அது காட்டிக்கொடுத்தது என்னைத்தான். தலைக்கு மேலே வட்டமடித்து, கத்திக்கொண்டே என் தொப்பியை உரசும் அளவுக்கு இறங்கி இறங்கி எழுந்தது. நானோ, இது நல்ல அதிரடிப் படம் என்று மகிழ்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் அங்கேயே நின்றேன்.

அடைகாத்தல் என்றால் சூடு கொடுப்பது என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். வேலூரின் சித்திரை, வைகாசியில், காற்றே 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வெட்டவெளித் தரை அதைவிட அதிகமாகக் கொதிக்கும். அப்போது ஆக்காட்டி முட்டைமேல் நிற்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. குட்டைக்கு ஓடிப்போய் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கவும் செய்யும். ஆள் ஒருவன் அருகில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் மூடியில்லாமல் வெயிலில் கிடக்கும். போதாக்குறைக்கு, மனிதன் எதைக் குனிந்து பார்க்கிறான் என்று காகம் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் நான் அந்தப் படங்களை எடுத்து முடித்த பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பின் போனபோதெல்லாம் கரைமேல், கருவேல மரத்தடியில் உட்கார்ந்து 300 மி.மீ. லென்ஸில்தான் பார்த்தேன். ஆடுகள் கூட்டின் பக்கமாகவே மேய்ந்து போயின, ஆட்டுக்காரப் பையன் சற்றுத் தள்ளி நடந்தான். அவர்களைப் பார்த்துப் பறவை இரண்டு முறை முனகியதோடு சரி. கீழே இறங்கலாமா என்று நான் எழுந்து நின்றாலே அதன் குரல் மாறும். எனவே அந்தக் குரலையே என் எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டேன். அடை ஏறக்குறைய நான்கு வாரம். ஒரு காலையில், ஆறரை மணி வெளிச்சத்தில், மூன்று குஞ்சுகள் பஞ்சு உருண்டைக்குக் குச்சிக்கால் வைத்தாற்போல் தாயின் பின்னால் ஓடின. பொரித்த சில மணி நேரத்திலேயே இவை கூட்டை விட்டுவிடும். ஒரு பருந்தின் நிழல் விழுந்ததும் தாய் ஒரே ஒரு குரல் கொடுத்தது. மூன்றும் அந்தந்த இடத்திலேயே தரையோடு ஒட்டிப் படுத்து மறைந்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்த குஞ்சையே லென்ஸுக்குள் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவது முட்டை பொரியவில்லை. அது என்னால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அந்த இருபது நிமிடப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை.

குரங்குக் குட்டிகள் வேண்டுமென்றால் ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கும் நிற்கலாம். தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டு, சுருங்கிய முகத்தோடு உலகத்தை எட்டிப் பார்க்கும் குட்டியைப் போல் எடுக்கத் தகுந்த முகம் வேறு இல்லை. ஆனால் குரங்குக்கு நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது மிரட்டல். லென்ஸோ ஒரு பெரிய இமைக்காத கண். தாய் வாயைப் பிளந்து காட்டினால் அது கொட்டாவி அன்று. கேமராவைத் தாழ்த்தி வேறு பக்கம் பார்ப்பதே அதன் மொழியில் மரியாதை. பிஸ்கட் போட்டு வரவழைத்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் பிஸ்கட்டுக்காகத்தான் அவை குட்டியோடு சாலைக்கு நடுவில் உட்காருகின்றன. அமிர்தி உயிரியல் பூங்காவின் மான் குட்டிகளையும் எடுத்திருக்கிறேன். கம்பி வேலியோடு லென்ஸை ஒட்டி, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்து வைத்தால் கம்பி கரைந்துபோகும். கரைந்தாலும் அது வேலிக்குள் இருந்த மான்தான். அப்படியே எழுதிவிடுவது நல்லது.

வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது முயல்குட்டி கிடைத்தது, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று படம் எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டெல்லாம் போகவில்லை. காட்டு முயல் பகலில் குட்டியோடு இருப்பதில்லை. இருட்டிய பிறகு வந்து சற்று நேரம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பகல் முழுவதும் அசையாமல் தனியாகக் கிடப்பதே குட்டிக்குப் பாதுகாப்பு. எடுத்த இடத்திலேயே உடனே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்று சொல்வேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் சில வீடுகளில் கூடை திறக்கிறது.

பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனபோது, அந்தக் கறுப்புக் குட்டியின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். நெற்றிப் பொட்டும் கண்ணில் வெளிச்சத் துளியும் துல்லியமாக விழுந்த, நான் பெருமைப்படும் படம் அது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இதும் அம்மா எங்க மாப்ள?" என்றார். போனில் மற்றவற்றையும் காட்டினேன். பின்னணியில் வைக்கோலும் பிளாஸ்டிக் குடமும் வந்து கெடுத்துவிட்டதென்று நான் ஒதுக்கியிருந்த ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. அதையே சட்டம் போட்டுக் கொடுத்தேன்; இப்போது அவர் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் தாய் ஆடு நேராக நம்மைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. குட்டியின் முகமே தெரியாது, மடியின் கீழ் இரண்டு பின்னங்கால்களும் கலங்கிய ஒரு வாலும் மட்டும்.