சடாரியும் அட்டைக் கிரீடமும்

புரட்டாசி சனிக்கிழமை சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் வரிசையைப் பற்றிச் சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1855-இல் கட்டிய கோயில். காலை ஏழு மணிக்கே ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கியும், சன்னதியை நெருங்க முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா, நான், ஆறு வயது மகள். அவள் தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம். சிறுவர் தினத்துக்குப் பாலர் பள்ளியில் செய்தது, தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

"சாமிகிட்ட போகும்போது கழட்டிடணும் கண்ணு" என்றார் அம்மா.

"பெருமாள் மட்டும் போட்டிருக்காரே?"

நியாயமான கேள்விதான். பெருமாளுக்கு உரியது கிரீட மகுடம். உருளையாக, நெடிதாக எழும்பும். தாயாரான மகாலட்சுமிக்குக் கரண்ட மகுடம், சிறுத்துக்கொண்டே போகும் பானைகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல. ஆண்டாளுக்கோ பக்கவாட்டில் சரிந்த கொண்டை. அதன் முன் எந்த மகுடமும் நிற்காது என்பது என் கட்சி.

எங்களுக்கு முன்னால் நின்ற உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். சாமிக்குச் சாத்திய பட்டுத்துணி, நெற்றியைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு. ஊரில் இதை முதலில் யாருக்குக் கட்டுவது என்று கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். இந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

தீர்த்தம், துளசி. அப்புறம் சடாரி.

"அதுவும் கிரீடம்தானே?" என்றாள் மகள். பட்டாச்சாரியார் சிரித்துக்கொண்டே அதைச் சாய்த்துக் காட்டினார். மணிபோல் கவிந்த வெள்ளி; உச்சியில் கட்டைவிரல் நீளத்தில் இரண்டு பாதங்கள். துலக்கித் துலக்கி விரல்கள் மழுங்கியிருந்தன.

பெருமாளின் திருவடி அது. பார்க்கத்தான் மகுடம், நாம் தலையில் வாங்குவது பாதத்தை. அந்தத் திருவடியே நம்மாழ்வார் என்பது வைணவ மரபு, அதனால் சடகோபம் என்றும் பெயர். பிறக்கும் குழந்தையை அறியாமையில் ஆழ்த்தும் 'சடம்' என்ற வாயுவைக் கோபித்து விரட்டியவர் என்பதால் அவர் சடகோபன். வரிசையில் நிற்கும்போது அம்மா சொன்ன கதை. இத்தனை வருடம் தலையை நீட்டியிருக்கிறேன், எனக்கே அன்றுதான் தெரியும்.

மகள் ஒன்றும் பேசாமல் கிரீடத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். சடாரி அரை நொடிதான் தலையில் பட்டது. "ஜில்லுனு இருந்துச்சு" என்றாள்.

அட்டைக் கிரீடம் பைக்குள் அர்ச்சனைத் தேங்காயோடு கிடந்து நசுங்கிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில்தான் கவனித்தாள். பாயசம் வரும்வரை அழுதாள்.