நகரசபை வச்சிருக்கிற ரன்வே

கலிஃபோர்னியாவில அக்காட வீட்ட நிண்ட நேரம் அத்தான் ஒரு பின்னேரம் "வா மச்சான் எயார்போர்ட் பாத்துட்டு வருவம்" எண்டு கூட்டிப்போனாரு, பாத்தா பாலோ ஆல்டோ எண்ட டவுன்ல, கடலோரச் சதுப்புக்குப் பக்கத்தில ஒத்தை ரன்வே, நீளம் 2,443 அடி, 745 மீட்டர் வரும். டிக்கெட் குடுக்கிற இடமும் இல்ல, பயணிகள் பிளேனும் வாறதில்ல. எல்லாம் தனியாக்கள்ட சின்னப் பிளேனும் பறக்கப் பழகுறவங்கட பிளேனும்தான்.

முந்திக் கவுண்டி (நம்மட மாவட்டம் மாதிரி) நடத்தினதாம், 2014ல நகரசபையே கையில எடுத்துட்டு. நம்மட மாநகரசபை சந்தையும் நூலகமும் வச்சிருக்கிற மாதிரி அவங்க ரன்வே வச்சிருக்காங்க! வெட்ட வெளியில பிளேனை நிப்பாட்டி செட்டைக்கும் வாலுக்கும் கயிறு போட்டு தரையில இருக்கிற கொளுக்கியில கட்டிவிடுறாங்க, அதுக்கு மாச வாடகை. ஹங்கர், அதாவது பிளேன் விடுற கொட்டகை எண்டா வாடகை கூட. பெரிய திருத்த வேலைக்கு மத்திய அரசு காசு குடுக்கும், ஆனா அந்தக் காசை வாங்கினா நினைச்ச உடன எயார்போர்ட்டை மூடிட்டு வீடு கட்ட விடேலாது.

ரன்வேட ஒரு தலைப்பில 13, மற்றதில 31. திசை கிட்டத்தட்ட 130 பாகை, 310 பாகை, கடைசிப் பூச்சியத்தை வெட்டிட்டு எழுதுறது. பிளேனுகளுக்கு வழி சொல்லுற கொன்ட்ரோல் டவரே இல்லாத எயார்போர்ட் அமெரிக்காவில ஆயிரக்கணக்கில இருக்காம். அப்பிடிக் கனக்க இடத்தில ராவில பைலட் ரேடியோ பட்டனை 5 செக்கனுக்குள்ள 7 தரம் அமத்தினா ரன்வே லைட் முழு வெளிச்சத்தில பத்தும், 3 தரம் எண்டா மங்கலா. எனக்கு அதுதான் சரியாப் பிடிச்சது.

சண்டை இல்லாமலும் இல்ல. இந்தச் சின்னப் பிளேனுக்கு ஊத்துற நீலப் பெற்றோல்ல இன்னும் ஈயம் கிடக்கு, பக்கத்துச் சனம் சத்தம் போட்டு, அதே கவுண்டி தன்ட மற்ற ரெண்டு எயார்போர்ட்டிலயும் 2022ல அதை விக்கிறதை நிப்பாட்டிட்டு.

நம்மட மட்டக்களப்புத் திமிலதீவு ரன்வேயும் வாவிக்கரையிலதான். 1983ல விமானப்படைக்குப் போனது, 2018 மார்ச்சிலதான் சிவில் பாவனைக்குத் திறந்தாங்க, சினமன் எயார் எண்ட உள்நாட்டுக் கம்பெனிட கேரவன் எண்ட சின்னப் பிளேன் வந்து போச்சு. கொழும்புக்கு ரயில்ல எட்டொம்பது மணித்தியாலம் இடுப்பொடியிற நமக்கு அது ஒரு மணித்தியாலப் பறப்பு, ஆனா டிக்கெட் விலையைக் கேட்டுட்டு திரும்பவும் ஸ்டேசனுக்குத்தான் போறம். அங்க மாதிரி ஒரு பறக்கிற ஸ்கூலும் ரெண்டு ஹங்கரும் இங்கயும் வந்தா நம்மட பொடியனுகள் பிளேன் திருத்துற வேலையாவது பழகுவானுகள் எண்டு அத்தானிட்டச் சொன்னன். "முதல்ல வேலிக்குப் பக்கத்தில நிண்டு பாக்க ஒரு வாங்கு போடச் சொல்லு" எண்டாரு மனிசன்.