அடுத்த தட்டு வருவதற்குள்

கொலம்பியாவின் தலைநகர் போகோத்தாவில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு நாங்கள் விருந்து வைக்கிறோம். ஒவ்வொரு தட்டைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்வது என் வேலை. அங்கே சமைப்பவர்களில் ஒருவரை மயோரா என்று அழைப்போம், மூத்த பெண்மணிக்கு மரியாதையாகச் சொல்லும் பெயர் அது. ஒரு சாயங்காலம் விருந்தினர் ஒருவர் கேட்கச் சொன்ன கேள்வியை மயோராவிடம் கேட்டிருக்க வேண்டுமா என்பது இன்னும் எனக்குத் தெளியவில்லை. கேட்கச் சொன்ன அந்த விருந்தினர் அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். மயோராவும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி. ஒருவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

"இவர் ஏன் சொந்த ஊரை விட்டு வந்தார்? கேட்டுச் சொல்ல முடியுமா?"

நான் கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். "பசிபிக் கரையிலிருந்து நிறையப் பேர் போகோத்தாவுக்கு வந்து வாழ்கிறார்கள். இவரும் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன." இதில் பொய் எதுவும் இல்லை. அந்த அம்மா தலையசைத்தார். மயோரா என் முகத்தைப் பார்த்து, "என்ன கேக்கறாங்க, மிஹோ?" என்றார். மிஹோ என்றால் மகனே. "ஊரைப் பத்தி. அப்புறம் சொல்றேன், மயோரா" என்றேன். அவர் விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அடுத்த தட்டு வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்.

அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்னால் நான் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தால், யாரும் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மயோரா அன்று கொண்டுவந்து வைத்தது பியாங்குவா. பசிபிக் கரையில் மயோராவின் ஊரான துமாக்கோ பக்கத்துச் சதுப்புக் காடுகளில், மரவேர்களுக்கு அடியில் சேற்றுக்குள் கிடக்கும் கறுப்புச் சிப்பி அது. அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் படகில் போய், முழங்கால் சேற்றில் குனிந்து, வெறுங்கையால் துழாவி எடுக்கிறார்கள். கொசுவுக்குப் புகை மூட்டிக்கொள்கிறார்கள். சேற்றுக்குள் பேஹேசாப்போ என்றொரு மீன் படுத்திருக்கும். அதன் முள் குத்தினால் வலி உயிர் போகும். 5 சென்டிமீட்டருக்குச் சின்னதாக இருக்கும் சிப்பியை எடுக்கக் கூடாது, சேற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

அந்தச் சிப்பி தேங்காய்ப்பாலில் வேகும். கூடவே சியாங்குவா, போலேயோ, கருந்துளசி என்று பச்சிலைகள். இவற்றை அந்த ஊர்ப் பெண்கள் தரையில் வளர்ப்பதில்லை. ஆறு ஏறினால் தரை போய்விடும். அதனால் கம்பம் நட்டு, அதன் மேல் ஓட்டை விழுந்த பழைய படகை ஏற்றி, எறும்புப் புற்று மண்ணைக் கொட்டி, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்தில் ஒரு தோட்டம் போடுகிறார்கள். போகோத்தாவின் 2,600 மீட்டர் உயரக் குளிரில் மயோராவும் ஜன்னலோரத் தொட்டிகளில் முயன்று பார்த்தார். சரியாக வரவில்லை. இப்போது இலைகள் பஸ்ஸில் வருகின்றன.

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குவளையில் விச்சே இருக்கும். கரும்புச்சாற்றைக் காய்ச்சி வடிக்கும் சாராயம். அதைக் காய்ச்சுவதும் காலங்காலமாகப் பெண்கள்தான். பிரசவம் ஆனவளுக்கு மூலிகை ஊறிய விச்சேயை மருத்துவச்சி கொடுப்பார். வெகுகாலம் அது கள்ளச்சாராயம் என்றே பெயர் வாங்கியிருந்தது. பாட்டில்கள் பறிமுதல் ஆயின. 2021-இல் வந்த 2158-ஆம் எண் சட்டம்தான் அதைக் கறுப்பின மக்களின் மூதாதை மரபு என்று ஏற்றுக்கொண்டது.

படகுத் தோட்டம், சேறு, மருத்துவச்சி என்று இத்தனையும் சொல்லி, அந்த ஊர் கேட்பவர் கண்முன் நிற்கும்படி செய்வது என் வேலை. அதைச் செய்துவிட்டு, அந்த ஊர்க்காரரையும் மேசைக்கு அழைத்து நிறுத்தினால், இவ்வளவு நல்ல ஊரை விட்டு ஏன் வந்தார் என்று கேட்கத்தானே தோன்றும்? கேள்விக்கான வழியைப் போட்டவன் நான். வழியின் முடிவில் கதவைச் சாத்தியவனும் நான்.

அவர் ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியும். தேங்காய் துருவும்போது துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. கொலம்பியாவில் ஆயுதப் போரால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்று அரசுப் பதிவேட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

நான் செய்ததற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் பெயரை எடுப்பார். சிலர் அவனைப் பற்றிய டிவி தொடர் பார்த்த உற்சாகத்தோடு எடுப்பார்கள். அந்த மனிதன் 1993-லேயே செத்துவிட்டான். ஆனால் அவன் காலத்தில் அப்பாவையோ அண்ணனையோ இழந்தவர்கள் இந்த ஊரில் தட்டு கழுவிக்கொண்டும் டாக்ஸி ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் மெதுவாகத் திசைதிருப்பிவிடுவேன். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இந்த நாட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் துப்பாக்கி என்றால், ஒரு சாயங்காலமாவது அது உருளைக்கிழங்கையும் சிப்பியையும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் இந்த விருந்தே. அன்றும் அந்தப் பழக்கம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, நேரம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கிடைப்பது கொஞ்சம் நிமிடங்கள். உள்ளே ஆளுக்கு ஒன்றாகத் தட்டு தயாராகி, சூடு ஆறிக்கொண்டிருக்கும். ஒரு மனுஷியின் வாழ்க்கை முறிந்த இடத்தை அந்த இடைவெளியில் கேட்டு, ஆங்கிலத்தில் சொல்லி, கேட்டவர்கள் கண் கலங்கி, உடனே இனிப்பைக் கொண்டுவந்து வைப்பதா? எனக்கு அது கூசியது. அவர் சமைத்ததற்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். அவர் கதைக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அதே மேசையில், அதே சாயங்காலம், நான் சொன்ன இன்னொரு கதை என்னை விடமாட்டேன் என்கிறது.

பியாங்குவாவுக்கு முன்னால் சிச்சா வரும். சோளத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இந்த மலைமேட்டில் முயிஸ்கா மக்கள் குடித்தது. குவளையில் ஊற்றிக்கொண்டே 1948, ஏப்ரல் 9-ஆம் தேதியைப் பற்றிச் சொல்வேன். அன்று மதியம் ஹோர்ஹே எலியேசெர் கைத்தான் என்ற மக்கள் தலைவரை நகரத்தின் நடுவில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் என்று பிடிபட்டவனைக் கூட்டம் அடித்தே கொன்று தெருவில் இழுத்துப் போனது. டிராம் வண்டிகள் எரிந்தன, நகரத்தின் மையம் எரிந்தது. அந்தக் கலவரத்துக்கு ஏழைகள் குடித்த சிச்சாவும் ஒரு காரணம் என்றார்கள். சிச்சா புத்தியை மழுங்கடிக்கும் என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அதே ஆண்டு வந்த சட்டம், பழைய முறையில் சிச்சா செய்து விற்பதை முடக்கிப்போட்டது. அந்த இடத்தைப் பீர் பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் நான் நன்றாகச் சொல்வேன். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குவளையைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. விருந்தினர்கள் மூச்சைப் பிடித்துக் கேட்பார்கள். முடிந்ததும் குவளைகளை இடித்துக் குடிப்பார்கள்.

அதுவும் கொலைதான். அன்று போகோத்தா தெருவில் செத்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அந்த ரத்தத்தை மட்டும் நான் கூசாமல் பரிமாறுகிறேன். பழைய துக்கமென்றால் பரிமாறலாம், புதியதென்றால் மூடிவைக்க வேண்டுமா? எத்தனை வருடம் ஆனால் அது பழையதாகும்? அல்லது துக்கத்துக்கு உரியவர் கண்ணெதிரே நிற்காதவரை எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் விதியா? அப்படியானால் நான் காப்பாற்றியது மயோராவின் மரியாதையை அல்ல, என் மேசையின் அமைதியைத்தான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், இல்லை, அப்படி இல்லை என்றுதான் மனம் சொல்கிறது. ஏன் இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவு விருந்தினர்கள் போன பிறகு, அந்த அம்மா என்ன கேட்டார் என்று மயோராவிடம் சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவுக்கு என் கையால சாப்பிட்ட பிறகு கேக்கணும்னு தோணியிருக்கு. அதுல தப்பில்லையே" என்றார்.

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா, மயோரா?"

"எவ்வளவு நேரம் குடுத்திருப்பே, மிஹோ?"

அடுத்த தட்டு வரும்வரை என்றேன். அவர் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, அது எனக்கு நிச்சயம். "அப்ப அவங்களுக்கு சமையலைப் பத்தியே சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் பானையைத் தேய்த்துவிட்டு, "ஆனா நான்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். முதலாவதை எடுத்துக்கொண்டால் நான் செய்தது சரி. கேட்டிருந்தாலும் அவரும் அதையேதான் செய்திருப்பார், மேசையில் வேறு எதுவும் நடந்திருக்காது. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் அந்தச் சரியை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மௌனமாக இருப்பதும் அவருடைய உரிமைதான். நான் அவர் சார்பில் மௌனமானேன். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நீ ரொம்ப யோசிக்கிறே. ஒரு சாதாரணக் கேள்வி, ஒரு சாதாரண பதில்" என்றார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

ஆனால் இந்த நாட்டில் அது அவ்வளவு சாதாரணமா? 2002, மே 2-ஆம் தேதி, சோக்கோ பகுதியின் போஹாயாவில், சண்டைக்குப் பயந்து மக்கள் ஒளிந்திருந்த தேவாலயத்தின் மேல் ஃபார்க் என்ற கெரில்லாப் படையினர் எறிந்த சிலிண்டர் குண்டு விழுந்தது. குழந்தைகள் பலர் செத்தார்கள். 2016 செப்டம்பர் 26 அன்று கார்த்தஹேனா நகரத்தில் அரசுக்கும் ஃபார்க்குக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அந்த ஊர்ப் பெண்கள் மேடையேறி, உலகத் தலைவர்களுக்கு முன்னால் அலபாவோ பாடினார்கள். செத்தவர்களுக்காகப் பாடும் பாட்டு அது. அவர்களுக்குப் பதிலாக வேறு யாரும் பேசவில்லை. ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 2-ஆம் தேதி, அந்த ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. போஹாயாவில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 96 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். நாடு மொத்தமாக, மயிரிழையில், வேண்டாம் என்றது. யார் அனுபவித்தார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்பது இங்கே எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை. ஒரு விருந்து மேசையை இதோடு சேர்த்துப் பேசுவது கூடுதல் என்றுகூடத் தோன்றும். சேர்க்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

அதே போஹாயா என் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது என்று சில நாள் வாதாடிக்கொள்வேன். அந்தப் பெண்கள் பாடியது தாங்கள் எழுதிய வரிகளை, தாங்கள் பயின்று, அந்தப் போரை முடிப்பதற்காகக் கூடிய கூட்டத்தில். சாப்பாட்டுக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார் என்பதற்காக அல்ல. மயோராவுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தால் அவர் பேசட்டும், நான் நாள் முழுக்க மொழிபெயர்க்கிறேன். எங்கள் மேசை அந்த இடம் இல்லை. ஆனால் அவருக்கு வேறு எந்த மேசை கிடைத்தது? போகோத்தாவில் அவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்து, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டது அதுதான் முதல் தடவையாகக்கூட இருந்திருக்கலாம்.

இப்போது விருந்துக்கு முன்பே மயோராவிடம் பேசிக்கொள்கிறேன். "இன்னிக்கு வெளிய வர்றீங்களா?" என்று கேட்பேன். சில நாள் வருகிறார், சில நாள் கை வலிக்கிறது என்கிறார். அந்த மாதிரிக் கேள்வி திரும்ப வந்தால் அவரிடமே கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை. சிச்சாவின் கதையை இன்னும் சொல்கிறேன். அதைச் சுருக்கிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்தக் கொலை இல்லாமல் சிச்சா ஏன் மறைந்தது என்று சொல்லவே முடியாது. பியாங்குவாவும் ஒருவேளை அப்படித்தானோ என்னவோ.

எங்கள் உரிமையாளர் மெனு அட்டையை மாற்றுகிறார். ஒவ்வொரு தட்டுக்குக் கீழும் அதைச் சமைத்தவரைப் பற்றி நான்கு வரி வேண்டுமாம், எழுதும் வேலை எனக்கு. மயோராவுக்கு இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சேறும் சிப்பியும் படகுத் தோட்டமும் இருக்கின்றன. இன்னொன்றில் அவற்றோடு ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் அவருக்குப் படித்துக்காட்டி, எது வேண்டும் என்று கேட்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூடுதல் வரியை அவர் முன்னால் வாய்விட்டுப் படிப்பதே அவரை அந்த ஊருக்குத் திரும்ப இழுத்துப் போவதாகுமே என்று தயங்குகிறேன். அவருக்கே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று சொல்லி, பாரத்தை அவர் தலையில் இறக்குகிறேனா? அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாளை தேங்காய் துருவும் நேரத்தில் அவரிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.