ஆறாம் வகுப்பில் பண்டைய வரலாறு: எதிர்பார்ப்புகளை வகுத்துக்கொண்டு கடந்த ஓராண்டு

திருக்கோவிலூர் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பகுதி ஏறத்தாழ முழுவதும் பண்டைய வரலாறுதான். வரலாறு என்றால் என்ன என்ற அறிமுகத்தில் தொடங்கி, மனிதப் பரிணாமம், சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள், மௌரியர், சங்க காலம், குப்தர் என்று மூன்று பருவங்களில் பாடம் நகர்கிறது. 2024 சூனில் பள்ளி திறந்தபோது, முதல் பாடத்துக்குள் நுழையுமுன் இந்த வகுப்பிலிருந்து யார் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு ஆண்டைத் தொடங்க முடிவு செய்தேன். அப்படி எழுதியது எவ்வாறு நடைமுறைக்கு வந்தது, எங்கே இடறியது, எங்கே நான் நினைத்ததைவிட நன்றாகப் பலித்தது என்பதை இதே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

எதிர்பார்ப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மாணவர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் ராசா கதை, சண்டை, புதையல் என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்டது நோட்டில் வினா விடை ஒழுங்காக இருக்கிறதா என்பதை மட்டுமே. தலைமையாசிரியருக்குப் பருவத்துக்குள் பாடம் முடியவேண்டும். வாரத்தில் கிடைக்கும் சில பாடவேளைகளை வரலாறும் புவியியலும் குடிமையியலும் பங்கிட்டுக்கொள்ளும் நிலையில் அவர் கவலை நியாயமானது. பாடத்திட்டம் வகுத்துள்ள கற்றல் விளைவுகளோ, தொல்லியல் சான்று, இலக்கியச் சான்று என்று ஆதாரங்களைப் பிரித்தறிந்து, அவற்றைக் கொண்டு கடந்த காலம் எவ்வாறு கட்டியெழுப்பப்படுகிறது என்பதை மாணவர் விளக்கவேண்டும் என்கின்றன. நான்கையும் வைத்துப் பார்த்தபோது, பதினொரு வயதுப் பிள்ளையிடம் நான் உறுதியாக எதிர்பார்க்க வேண்டியது ஒன்றே என்று தெளிந்தேன். பழங்காலத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆண்டுகளைவிட இது எனக்கு முக்கியம். இந்தக் கேள்வியை என்னிடமும் யாரும் எப்போதும் கேட்கலாம் என்று வகுப்புச் சுவரில் ஒட்டிய அட்டையில் அதன் கீழேயே எழுதினோம்.

ஆண்டுகளே வேண்டாம் என்று நான் விட்டுவிடவில்லை. காலம் எவ்வளவு நீளம் என்பது உடம்பில் ஏறாமல் பண்டைய வரலாறு பிடிபடாது. பொது ஆண்டுக்கு முன் 2600 என்பது 1900-ஐவிடப் பழையது என்பதே ஆறாம் வகுப்புக்குப் பெரிய தடை. பெரிய எண் என்றால் பிந்தியது என்று பழகிய மனம் எளிதில் ஒப்புவதில்லை. ஆகவே கிணற்றுக்கு வாங்கும் நைலான் கயிற்றைப் போதிய நீளத்துக்கு வாங்கி, நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் மைதானத்தில் விரித்தோம். ஒரு முனையில் இன்று. நாடு விடுதலை பெற்ற 1947 ஒரு மீட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பத்து மீட்டர். அசோகர் ஆட்சிக்கு வந்த காலத்துக்கு ஏறக்குறைய இருபத்து மூன்று. சிந்துவெளி நாகரிகம் எனப்படும் ஹரப்பா நாகரிகத்தின் முதிர்ந்த காலம் தொடங்கும் பொ.ஆ.மு. 2600-ஐப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் நாற்பத்தாறாவது மீட்டரில், சத்துணவுக்கூடச் சுவரோரம் நின்றாள். அவளுக்கும் அசோகருக்கும் இடையிலான தூரமும், அசோகருக்கும் எங்களுக்கும் இடையிலான தூரமும் ஏறக்குறைய சமம் என்பதை மாணவர்களே எண்ணிச் சொன்னார்கள். பிறகு திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயதை எடுத்துக்கொண்டோம். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டறிந்த அந்த இடத்தின் பழமையான கருவிகள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகள் பழையவை என்று பிற்கால ஆய்வுகள் கணித்துள்ளன. எங்கள் கணக்கில் அதற்குப் பதினைந்து கிலோமீட்டர் கயிறு வேண்டும். பள்ளியிலிருந்து அந்தத் தூரம் எந்த ஊர் வரைக்கும் போகும் என்று அவர்கள் ஆளுக்கொரு பேருந்து நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் பருவத்தில் முழுக்கள் பாடம் வந்தபோது கணக்கு ஆசிரியர் அதே கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்கோட்டில் சுழியம் உண்டு, ஆண்டுக் கணக்கில் சுழிய ஆண்டு இல்லை, பொ.ஆ.மு. 1-க்கு அடுத்தது பொ.ஆ. 1 என்பதை அவரும் நானும் சேர்ந்தே நடத்தினோம். பாடவேளை போதவில்லை என்ற சிக்கலில் பாதியை இப்படிப் பிற பாடங்களோடு கைகோத்துத்தான் தீர்த்தோம்.

மதிப்பீட்டைப் பற்றிய எதிர்பார்ப்பை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பருவத்தின் இடையே வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் நாற்பது மதிப்பெண்ணில் இருபது செயல்பாட்டுக்கு உரியது. அதற்குக் கடையில் தெர்மாகோல் வாங்கி, வீட்டில் அண்ணனோ அக்காவோ செய்து கொடுத்த மொகஞ்சதாரோ பெருங்குளத்தைக் கொண்டுவந்து வைப்பது எங்கும் நடக்கும் வழக்கம். அதை ஏற்கமாட்டேன் என்று முதல் வாரத்திலேயே சொன்னேன். மாறாக, சந்தையில் மண்பானைகள் வாங்கி, சிலவற்றில் ஆணியால் பெயர்களையும் கோடுகளையும் கீறி, உடைத்து, ஓடுகளில் ஒரு பகுதியை எடுத்து ஒளித்துவிட்டு மீதியைக் குழுக்களிடம் கொடுத்தேன். ஒட்டிப் பார்த்து, உறுதியாகத் தெரிவதை ஒரு பக்கமும், ஊகிப்பதை எதிர்ப்பக்கமும் எழுதவேண்டும். ஒரு குழுவுக்குக் கிடைத்த ஓட்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டுமே இருந்தது. அது பானையை வனைந்தவர் பெயரா, வைத்திருந்தவர் பெயரா என்று எழுந்த வாக்குவாதம் மணி அடித்தும் ஓயவில்லை. மறுநாள் கீழடிப் பானையோடுகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் காணப்படும் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்களைப் படத்தில் காட்டியபோது, அதே கேள்வியை அவர்கள் தாமாகவே எழுப்பினார்கள். பாடப்புத்தகத்தை நான் திறக்கவே இல்லை.

சிந்துவெளிப் பாடத்தில்தான் என் அட்டை உண்மையாகச் சோதிக்கப்பட்டது. ஹரப்பாவில் 1921-இலும் மொகஞ்சதாரோவில் 1922-இலும் அகழாய்வு நடந்து, 1924-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் அறிவித்த பிறகே இப்படியொரு நாகரிகம் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அதற்கு முன் இரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். இதுவரை சிக்கலில்லை. "அவங்க தமிழ்தான் பேசினாங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். 2025 சனவரியில், சிந்துவெளி எழுத்துகளைப் படித்தறியும் வழியைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தபோது, அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துவந்து மீண்டும் அதே கேள்வியைக் கேட்டான். திராவிட மொழித் தொடர்பை வலியுறுத்தும் அறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காட்டும் காரணங்கள் இவை, தமிழ்நாட்டுப் பானைக் கீறல்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு, ஆனால் அந்த எழுத்து எல்லோரும் ஏற்கும்படி இன்றுவரை படிக்கப்படவில்லை, அதனால்தான் பரிசே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். 'இன்னும் தெரியாது' என்ற விடைக்கும், ஏன் தெரியவில்லை என்று எழுதினால் முழு மதிப்பெண் உண்டு என்றேன். நம் தொன்மை மீது பிள்ளைகளுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. அந்தப் பற்று நிலைக்கவேண்டுமானால் அதற்குச் சான்றின் பலம் வேண்டும் என்பதால்தான் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு வாய்த்த பெரிய கொடை ஜம்பைக் கல்வெட்டு. குஜராத்தின் கிர்னார் முதலிய இடங்களில் உள்ள அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைச் சொல்லும்போது, எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரையும் குறிப்பிடுகிறது. அசோகரின் பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் படித்தறிந்த பின், மற்ற மூவரை அடையாளம் காண்பதில் சிக்கலில்லை. சத்தியபுத்திரர் யார் என்பதில்தான் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று சொல்லி அந்த வழக்கை முடித்துவைத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், அவன் துறவிகளுக்கு அளித்த குகை இருப்பிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. என் மாணவர்களின் பாட்டிகள் பள்ளிக்குப் போன காலத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருந்திருக்க முடியாத செய்தி இது.

பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகத் தலைமையாசிரியரின் அனுமதி, வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பம் ஆகியவை வேண்டியிருந்தன. கையொப்பம் வாங்கப் போனபோதுதான் பல பெற்றோருக்கு இந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதையே விளக்கிச் சொல்ல வாய்த்தது. அட்டையில் இருந்ததை ஒரு தாளில் படியெடுத்துக் கொடுத்தேன். போவதற்கு முந்தைய வாரம் கரும்பலகையில் சில தமிழி எழுத்துகளைப் பழகினோம். கூட்டல் குறி போல் இருப்பது 'க', படுத்த கோட்டின் மேல் நிற்கும் கோடு 'ந', ஒற்றைச் செங்குத்துக் கோடு 'ர' என்று விரைவிலேயே தம் பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அங்கே கடைப்பிடிக்க வேண்டியவையும் முன்பே எழுதப்பட்டன: எழுத்தின் மேல் கை வைக்கக் கூடாது, தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்க்கக் கூடாது, பெயர் கீறக் கூடாது, கண்ணால் பார்த்ததை அங்கேயே வரைந்துகொள்ள வேண்டும். பாறைமுன் நின்று முதலில் நெடுநேரம் எவருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்தான் முதலில் 'நெடுமா'னின் 'நெ'யைக் கண்டு விரலைக் காற்றில் நீட்டிக் காட்டினாள். அதிலிருந்து அக்கம்பக்கத்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எல்லோர் கண்ணுக்கும் அகப்பட்டன.

திரும்பி வந்ததும் தமிழாசிரியரோடு பேசி, நெல்லிக்கனிக்காக ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலை வகுப்பில் படிக்கச் செய்தோம். பாடல், கல்வெட்டு, அசோகரின் கட்டளை என்ற மூன்றும் வெவ்வேறு கைகளால், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. மூன்றும் ஒரே குடியைத் தொடுகின்றன. அதே வேளையில், நெல்லிக்கனி கொடுத்த நிகழ்ச்சிக்குக் கல்வெட்டு சாட்சி சொல்லவில்லை. குகையைக் கொடுத்ததைப் பாடல் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்களா என்று எனக்கு ஐயம் இருந்தது. மூன்றாம் பருவச் சிறுதேர்வில் மூன்று சான்றுகளையும் கொடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் சரியாகப் பிரித்து எழுதினார்கள். "அஞ்சி இருந்தது கல்லில் தெரிகிறது, நல்லவர் என்பது பாட்டில் தெரிகிறது, பாட்டு அவர் நண்பர் பாடியது" என்று எழுதிய விடைத்தாளைத் தலைமையாசிரியரிடமும் காட்டினேன்.

எல்லாம் நினைத்தபடி முடியவில்லை. குப்தர் பாடத்துக்கு வந்தபோது நாள்கள் போதாமல், தேர்வுக்கு வேண்டியதை விரைவாக நடத்தி முடிக்க நேர்ந்தது. அங்கே கயிறும் இல்லை, ஓடும் இல்லை. எழுத்தில் பின்தங்கிய சில பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுவது சுமையாகவே இருந்தது. அவர்களை வாய்மொழியாகச் சொல்லவைத்து நான் எழுதிக்கொண்டேன், வரும் ஆண்டில் அதையே விதியாக அட்டையில் சேர்க்கிறேன். ஓரிரு பெற்றோர் இன்னும் வினா விடை நோட்டைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பாடத்தின் பின்பகுதி வினாக்களும் நோட்டில் எழுதப்பட்டு, ஒவ்வொரு விடையின் கீழும் 'எப்படித் தெரியும்' என்று ஒரு வரி சேர்க்கப்படுகிறது.

அந்த நோட்டுகளைப் பழைய தாள்காரருக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே இடைக்கால இந்திய வரலாற்றின் ஆதாரங்களைப் பற்றியது, அதையும் அவர்களுக்கு நான்தான் நடத்துகிறேன்.